துணை விண்மீன் அருகில் இருந்தால் கோள்களுக்கு எவ்வளவு அவகாசம்?

இளம் விண்மீனைச் சுற்றியிருந்து கோள்களை உருவாக்கும் வாயு, தூசி வட்டின் ஆயுள் எவ்வளவு? எந்த வானியல் நூலைப் புரட்டினாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும்: சுமார் 30 லட்சம் ஆண்டுகள், மிஞ்சிப்போனால் 1 கோடி. இந்த எண் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால், அதில் ஒரு முக்கியமான விஷயம் விடுபட்டிருப்பது தெரியவரும்.

இளம் விண்மீன்கள் கூட்டங்கூட்டமாகப் பிறக்கின்றன. ஒரு கூட்டத்தில் உள்ளவை எல்லாம் ஏறத்தாழ ஒரே வயது. அவற்றில் எத்தனை விண்மீன்களைச் சுற்றி இன்னும் வாயுவும் தூசியும் கொண்ட வட்டு இருக்கிறது என்று எண்ணிவிடலாம். வட்டிலுள்ள சூடான தூசி அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடும். ஆகவே வெறும் விண்மீனிலிருந்து வர வேண்டியதைவிட அகச்சிவப்பு அதிகமாக வந்தால் அங்கே வட்டு உண்டு. 2001-இல் கார்ல் ஹைஷ், எலிசபெத் லாடா, சார்லஸ் லாடா மூவரும் வெவ்வேறு வயதுள்ள கூட்டங்களை இப்படி அளந்து வரிசைப்படுத்தினார்கள். மிக இளைய கூட்டங்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட விண்மீன்களுக்கு வட்டு இருந்தது. 30 லட்சம் ஆண்டில் அது பாதியாகக் குறைந்தது. 60 லட்சம் ஆண்டில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை.

அளவீட்டில் தவறில்லை. ஆனால் எண்ணப்பட்ட புள்ளிகள் எல்லாம் தனி விண்மீன்களா? சூரியனை ஒத்த விண்மீன்களில் ஏறத்தாழ பாதிக்குக் குறைந்தது ஒரு துணையாவது உண்டு. அந்த இணைகளிடையே மிகச் சாதாரணமாகக் காணப்படும் இடைவெளி 50 வானியல் அலகு வாக்கில் இருக்கிறது. ஒரு வானியல் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், நெப்டியூன் இருப்பது 30-இல். அதாவது நம்முடைய கோள் மண்டலம் பரந்து கிடக்கும் அதே அளவில்தான் பல இடங்களில் இன்னொரு விண்மீன் நிற்கிறது. கோள்கள் உருவாக வேண்டிய பரப்பிலேயே இன்னொரு சூரியன் சுற்றினால் அந்த வட்டு எப்படித் தப்பிக்கும்? இதைக் கேட்காமல் எடுத்த சராசரி ஆயுள், தனி விண்மீன்களுக்கும் பொருந்தாது, இரட்டைகளுக்கும் பொருந்தாது என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

ஆயுள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வியாழனைப் போன்ற பெருங்கோள் உருவாக, முதலில் பாறையும் பனியும் சேர்ந்த ஒரு கரு வளர வேண்டும். அது போதுமான நிறையை எட்டிய பிறகு சுற்றிலும் உள்ள ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வட்டில் வாயு இருந்தால்தான் அது நடக்கும். வாயு போய்விட்டால் கரு கருவாகவே நின்றுவிடும். நம் சூரியக் குடும்பத்தில் இந்தக் கெடு எவ்வளவு நாள் நீடித்தது என்பதற்கு விண்கற்களில் சான்று இருக்கிறது. ஆங்க்ரைட் எனப்படும் பழைய எரிமலைப் பாறை விண்கற்கள் உறைந்தபோது சுற்றிலும் காந்தப்புலம் இருந்ததா என்பதை அவற்றின் கனிமங்களே பதிவு செய்து வைத்திருக்கின்றன. வட்டின் வாயு இருந்தவரை காந்தப்புலமும் இருந்திருக்கும். 2017-இல் வெளியான ஆய்வு, முதல் திடப்பொருள்கள் தோன்றி 38 லட்சம் ஆண்டுகளுக்குள் அந்தப் புலம் மறைந்துவிட்டது என்று காட்டியது. அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, விண்கற்களின் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) வேறுபாடுகளை வைத்து, வியாழனின் கரு 10 லட்சம் ஆண்டுக்குள்ளேயே உருவாகியிருக்க வேண்டும் என்றது. பூமி போன்ற பாறைக் கோள்களுக்கு இந்த அவசரம் இல்லை. அவை வாயு போன பிறகும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மோதி, ஒட்டி வளரலாம். ஆக, வட்டின் ஆயுளைக் குறைத்தால் முதல் அடி பெருங்கோள்களுக்குத்தான்.

சரி, தனியாக இருக்கும் வட்டு எப்படி முடிவுக்கு வருகிறது? வட்டின் வாயு சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது விண்மீனின் மேல் போய் விழ வேண்டுமானால் தன் கோண உந்தத்தை, அதாவது சுற்றுவதால் தனக்குள்ள உந்தத்தை, யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். தனி வட்டில் அதை வாங்கிக்கொள்வது வட்டின் வெளிப்பகுதியில் உள்ள வாயுதான். வாங்கிக்கொண்டதும் அது இன்னும் வெளியே நகர்கிறது. இதனால் பெரும்பகுதி உள்ளே விழுந்துகொண்டிருக்க, ஒரு சிறு பங்கு வெளியே பரவிக்கொண்டே போகிறது. வெளியே போகப்போக எல்லாமே மெதுவாக நடக்கும். அங்கே சேர்ந்திருக்கும் வாயு ஒரு கையிருப்பைப்போல நெடுங்காலத்துக்கு உள்ளே வந்துகொண்டிருக்கும். பாய்வு குறையும், ஆனால் மெல்ல மெல்லத்தான் குறையும். வட்டின் ஒரு பகுதி மட்டும் காற்றாகவும் வெளியேறுகிறது. இளம் விண்மீன் எக்ஸ் கதிர்களையும் புற ஊதாக் கதிர்களையும் கடுமையாக வீசும். அவை வட்டின் மேற்பரப்பைச் சூடாக்க, விண்மீனின் ஈர்ப்பு தளர்ந்திருக்கும் தூரத்தில் வாயு ஆவியாகிப் பறந்துவிடுகிறது. உள்ளே விழும் பாய்வு இந்த ஆவியாதலைவிடக் குறையும் கட்டத்தில் வட்டின் நடுவில் இடைவெளி விழுகிறது. அதன்பின் உட்பகுதி வடிய, மிச்சம் உள்ளிருந்து வெளியாக வேகமாகக் கலைந்துபோகும்.

இப்போது பக்கத்தில் ஒரு துணை விண்மீனைக் கொண்டுவந்து வைப்போம். அது சுற்றிவரும்போதெல்லாம் வட்டின் விளிம்பை இழுக்கிறது. சில குறிப்பிட்ட தூரங்களில் வாயுவின் சுற்றுக்காலமும் துணையின் சுற்றுக்காலமும் எளிய விகிதத்தில் அமைந்துவிடும். அங்கே இந்த இழுப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி கூடி, வட்டில் சுருள் அலைகளைக் கிளப்புகிறது. அந்த அலைகள் வழியே விளிம்பு வாயுவின் கோண உந்தம் துணையின் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்கிறது. விளைவு: ஒரு எல்லைக்கு அப்பால் வாயு பரவ முடியாது. பாவெல் ஆர்ட்டிமோவிச், ஸ்டீபன் லுபோ இருவரும் 1994-இல் இந்த எல்லையைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். சம நிறையுள்ள இரண்டு விண்மீன்கள் வட்டப்பாதையில் சுற்றினால், ஒவ்வொன்றின் வட்டும் அவற்றின் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்க முடியும். பாதை நீள்வட்டமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் வட்டின் அளவை முடிவுசெய்வது துணை மிக நெருங்கி வரும் தருணம்தான்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் இதன் கடுமை புரியும். இரண்டு விண்மீன்களுக்கு இடையே 30 வானியல் அலகு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதை வட்டமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 9 அலகு வாக்கில் ஒரு வட்டு. நம் சனியின் பாதையோடு அது முடிந்துவிடும். பாதை நன்றாக நீண்டிருந்தால் 4 அல்லது 5 அலகு, அதாவது வியாழன் வரைக்கும்கூடப் போகாது. தனி விண்மீன்களின் வட்டுகளோ 100 அலகு, சில சமயம் அதற்கும் மேல் பரந்திருக்கின்றன.

பரப்பு குறைந்தால் பொருளும் குறையும் என்பது எல்லோருக்கும் உடனே தோன்றும். அதைவிடப் பெரிய பாதிப்பு நேரத்தில் இருக்கிறது. வட்டு வடிய ஆகும் காலம் அதன் ஆரத்தோடு சேர்ந்தே கூடுகிறது. ஆரம் பத்தில் ஒன்றானால் வடியும் காலமும் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகிவிடும். அது மட்டுமல்ல, முன்பு சொன்ன அந்த வெளிப்புறக் கையிருப்பே இங்கே இல்லை. பரவ இடமில்லாததால் மெதுவாகக் குறைய வேண்டிய பாய்வு சட்டென்று சரிகிறது. பெரிய ஏரியின் மதகைத் திறந்தால் தண்ணீர் மாதக்கணக்கில் போகும், அதே மதகை ஒரு குட்டையில் வைத்தால் சில நாளில் தரை தெரியும். துணை விண்மீன் வட்டை நேரடியாக அழிப்பதில்லை. வட்டு வளரும் எல்லையைச் சுருக்கிவிட்டு, வடிவதை வடியவிடுகிறது. இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பின்னால் வரப்போகும் விதிவிலக்குகள் எல்லாம் இதிலிருந்துதான் புரியும்.

ஆவியாதலும் இங்கே வேறு மாதிரி நடக்கிறது. தனி வட்டில் அது நடுவில் இடைவெளி போட்டு உள்ளிருந்து கலைக்கும் என்று பார்த்தோம். மிக நெருங்கிய இணைகளில் அந்த இடைவெளி விழ வேண்டிய தூரத்துக்கே வட்டு எட்டுவதில்லை, அல்லது அரைகுறையாக எட்டுகிறது. ஜியோவானி ரொசோட்டியும் கேத்தி கிளார்க்கும் 2018-இல் வெளியிட்ட கணக்கீடுகளில், 20, 30 அலகுக்குள் உள்ள இணைகளில் வட்டு வெளியிலிருந்து உள்ளாகக் கரைகிறது. நடுவில் ஓட்டை விழுந்த வட்டுகளை அப்படிப்பட்ட இணைகளில் நாம் எதிர்பார்க்க முடியாது என்பது அதன் உட்பொருள்.

இதெல்லாம் கணக்கு. வானத்தில் என்ன தெரிகிறது? இதைப் பார்ப்பது நீண்ட காலமாகக் கடினமாக இருந்ததற்கு ஒரு எளிய காரணம் உண்டு. நமக்கு அருகிலுள்ள விண்மீன் பிறப்பிடங்களில் ஒன்றான ரிஷப மண்டல மேகம் சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே 40 அலகு இடைவெளியுள்ள இணையைப் பார்த்தால், இரண்டுக்கும் இடையிலான கோணம் ஒரு பாகையில் 12,000-இல் ஒரு பங்குதான். தரையிலிருந்து சாதாரணமாகப் பார்த்தால் காற்றின் அலைக்கழிப்பில் இரண்டும் ஒரே புள்ளியாகக் குழம்பிவிடும். வட்டு உள்ள விண்மீன், வட்டில்லாத விண்மீன் என்று பட்டியல் போட்ட பலருக்கும், எது ஒன்று, எது இரண்டு என்று சொல்லக் கருவி இல்லை.

முதல் தடயங்கள் 1990-களில் கிடைத்தன. எரிக் ஜென்சன், ராபர்ட் மாத்தியூ, கேரி ஃபுல்லர் மூவரும் மில்லிமீட்டருக்குக் குறைந்த அலைநீளத்தில் இளம் இணைகளை அளந்தபோது, 100 அலகுக்குள் உள்ள இணைகள் தெளிவாக மங்கலாக இருந்தன. அந்த அலைநீளத்தில் மங்கல் என்றால் தூசி குறைவு என்று பொருள். அப்புறம் 2003-இல் ஏவப்பட்ட ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி நூற்றுக்கணக்கான இளம் விண்மீன்களுக்கு வட்டு உண்டா இல்லையா என்று சொல்லிவிட்டது. அதே நேரத்தில் காற்றின் அலைக்கழிப்பைத் திருத்தும் கண்ணாடிகள் பெரிய தொலைநோக்கிகளில் வந்து சேர்ந்தன. இரண்டு பட்டியலையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க முடிந்தது. 2009-இல் லூகாஸ் சியேசா குழு, 40 அலகுக்குள் துணையுள்ள விண்மீன்களுக்கு வட்டு இருக்கும் வாய்ப்பு, அதைவிட விலகிய துணையுள்ளவற்றோடு ஒப்பிட்டால் பாதிதான் என்று கண்டது.

2012-இல் ஆடம் கிராஸ் குழு ரிஷப மண்டலத்தில் செய்த கணக்கெடுப்புதான் இந்த விஷயத்தில் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். 40 அலகுக்குள் உள்ள நெருங்கிய இணைகளில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 10 லட்சம் ஆண்டுக்குள் வட்டை இழந்துவிடுகின்றன. தனி விண்மீன்களிலும் விலகிய இணைகளிலும் 80 முதல் 90 சதவீதம் வரை, குறைந்தது 20, 30 லட்சம் ஆண்டு வட்டைத் தக்கவைத்துக்கொள்கின்றன. இந்த இரண்டையும் கலந்து எண்ணியபோதுதான் இளம் கூட்டங்களிலேயே கணிசமான விண்மீன்கள் வட்டில்லாமல் தெரிந்தன. வட்டுகள் பிறந்த நாளிலிருந்தே சீராகக் குறைந்துகொண்டு வருகின்றன என்ற தோற்றமும் அதனால் வந்ததே. நெருங்கிய இணைகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் படம் மாறுகிறது. தனி விண்மீன்களில் பெரும்பாலானவை முதல் 20 லட்சம் ஆண்டு வட்டோடுதான் இருக்கின்றன, அதன் பிறகே ஒவ்வொன்றாகக் கழிகின்றன. கோள் உருவாக்கக் கணக்கு போடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. வியாழன் போன்ற ஒன்றை அவசரம் அவசரமாகக் கட்டி முடிக்க வேண்டிய கட்டாயம் தளர்கிறது.

அதே ஆண்டு ராபர்ட் ஹாரிஸ் குழு வேறொரு கோணத்தில் அதே மேகத்தை அளந்தது. துணை 300 அலகுக்கு அப்பால் இருந்தால் வட்டின் மில்லிமீட்டர் ஒளி தனி விண்மீனுடையதைப் போலவே இருக்கிறது. 30 முதல் 300 அலகுக்குள் அது ஐந்தில் ஒன்றாகிறது. 30-க்குள் வந்தால் மறுபடி ஐந்தில் ஒன்று. துணை இருக்கிறதா என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் சேர்ந்தே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது.

இந்த மங்கலுக்குள் ஒரு நுட்பமும் இருக்கிறது. மில்லிமீட்டர் ஒளியில் தெரிவது தூசி மட்டுமே, வாயு அல்ல. கூழாங்கல் அளவுக்கு வளர்ந்த தூசி, வாயுவின் உராய்வால் வேகமிழந்து விண்மீனை நோக்கி நகரும். தனி வட்டில் வெளியிலிருந்து புதுத் தூசி வந்து இந்த இழப்பை ஈடுகட்டும். வெட்டப்பட்ட வட்டில் அப்படி வர ஒன்றும் இல்லை. அதனால் வாயு தீருமுன்பே தூசி தீர்ந்துவிடுகிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 66 அலைவாங்கிகளோடு இயங்கும் ஆல்மா தொலைநோக்கி, இணைகளிலுள்ள வட்டுகளைத் தனித்தனியே படம் பிடித்தபோது, தூசி வட்டுகள் கணக்கு சொன்னதைவிடவும் சிறியவையாக இருந்தன. வாயுவை அளந்தபோது அது கணக்கோடு ஒத்துப்போனது. கோள் உருவாக்கத்துக்கு இதுதான் இன்னும் கவலை தரும் செய்தி, ஏனென்றால் கருவைக் கட்டும் செங்கல்லே தூசிதானே.

மூன்றில் இரண்டு போகட்டும், மீதி ஒரு பங்கு எப்படித் தப்புகிறது? அதே 40 அலகுக்குள், அதே வயதில், வட்டை இன்னும் வைத்திருக்கும் இணைகள் இருக்கின்றன. இதற்கு ஒரே விடை கிடையாது. பாதையின் வடிவம் ஒரு காரணமாக இருக்கலாம், தொடக்கத்தில் கிடைத்த நிறை இன்னொன்று. வெளியிலிருந்து தொடர்ந்து வாயு வந்துசேர்வதும் உண்டு. இந்தக் கடைசிக் காரணத்துக்குக் கண்கூடான உதாரணம் ரிஷப மண்டலத்திலுள்ள ஜிஜி டாரி. அங்கே 35 அலகு வாக்கில் விலகி நிற்கும் விண்மீன்களைச் சுற்றி, 180 அலகில் தொடங்கி 260 அலகு வரை ஒரு பெரும் வளையம் இருக்கிறது. வளையத்துக்கும் விண்மீன்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் மெல்லிய வாயு ஓடைகள் உள்நோக்கி ஓடுவதை ஆன் டுட்ரே குழு 2014-இல் ஆல்மாவின் உதவியோடு காட்டியது. உள்ளே இருக்கும் சின்ன வட்டு தன் கையிருப்பை மட்டும் நம்பியிருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும். வெளி வளையம் ஊட்டுவதால் அது இன்னும் இருக்கிறது. இணையின் விண்மீன்களில் ஒன்று மட்டும் வட்டை இழப்பது நாம் எதிர்பார்ப்பதைவிட அரிதாகக் காணப்படுவதற்கும் இப்படிப்பட்ட பொதுக் கையிருப்பு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அரிது என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமல்ல. டிஎஃப் டாரி என்ற இணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஏறக்குறைய ஒரே நிறையுள்ள இரண்டு விண்மீன்கள், 14 அலகு வாக்கில் இடைவெளி. ஒன்றாகப் பிறந்தவை, ஒரே வயது, ஒரே அயல். ஒன்றின் மேல் இன்றும் வாயு விழுந்துகொண்டிருக்கிறது. மற்றதில் அதற்கான அடையாளமே இல்லை, உட்பகுதி வட்டு காலியாகிவிட்டது. ஆல்மாவில் பார்த்தபோதோ இரண்டைச் சுற்றியும் குளிர்ந்த தூசி தெரிந்தது. எல்லாம் சமமாக இருந்தும் இரண்டு வட்டுகளும் ஒரே வேகத்தில் முடியவில்லை. விண்மீனின் சுழற்சி, அதன் காந்தப்புலம், உள்விளிம்பில் நடக்கும் சிறு வேறுபாடுகள் எல்லாம் கடைசிக் கட்டத்தில் பேசத் தொடங்குகின்றன. துணையின் தூரம் எல்லைகளை வகுக்கிறது, அந்த எல்லைக்குள் நடப்பது முழுக்க அதன் கையில் இல்லை.

நீள்வட்டப் பாதையின் வன்முறையைப் பார்க்க ஆர்டபிள்யூ ஆரிகே என்ற இணை போதும். இரண்டு விண்மீன்களும் இன்றைக்கு 200 அலகுக்கு மேல் விலகி நிற்கின்றன. ஆனால் முதன்மை விண்மீனின் வட்டிலிருந்து சுமார் 600 அலகு நீளத்துக்கு ஒரு வாயுக் கை பிய்த்துக்கொண்டு நீள்வதை சில்வி கப்ரீ குழு 2006-இல் கண்டது. துணை முன்பு ஒருமுறை நெருங்கி வந்து போனதன் தழும்பு அது. இப்போதைய இடைவெளியை மட்டும் வைத்து ஒரு இணையைப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் துணையை வில்லனாகவே காட்டியிருக்கும். ஆனால் நேர் எதிரான காட்சியும் வானத்தில் இருக்கிறது.

வி4046 சாஜிட்டாரி என்ற இணையில் இரண்டு விண்மீன்களும் ஒன்றையொன்று 2.4 நாளில் சுற்றிவிடுகின்றன. இடைவெளி சூரியனின் ஆரத்தைப்போல பத்து மடங்கைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு நெருங்கிய இணையால் தனித்தனி வட்டு வைத்துக்கொள்ள முடியாது, இரண்டையும் சேர்த்துச் சுற்றும் ஒரே வட்டுதான். இணையின் இடைவெளியைப்போல இரண்டு, மூன்று மடங்கு வரை மட்டும் உள்ளே காலியாக இருக்கும். இங்கே அது ஒரு பொருட்டே அல்ல. வெளிப்புறமோ நூற்றுக்கணக்கான அலகுக்குத் தடையின்றிப் பரந்திருக்கிறது. இந்த இணையின் வயது 1 கோடி ஆண்டைத் தாண்டிவிட்டது. வட்டில் இன்னும் வாயு நிறைய இருக்கிறது. பாடநூல் கணக்குப்படி இது எப்போதோ மறைந்திருக்க வேண்டும்.

சுற்றும் இணை, வட்டின் உள்விளிம்பில் வாயுவுக்குக் கோண உந்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வெளியிலிருந்து இழுக்கும் துணை உந்தத்தைப் பிடுங்குகிறது என்று பார்த்தோம், உள்ளே இருக்கும் இணை அதைத் திருப்பிக் கொடுக்கிறது. வாயு உள்ளே விழுவது தடைபடுகிறது. ரிச்சர்ட் அலெக்சாண்டர் 2012-இல் செய்த கணக்கீடுகளில், இணையின் இடைவெளி 1 அலகுக்கும் கீழே, 0.3 அலகு அளவுக்குச் சுருங்கும்போது, சுற்றியுள்ள வட்டின் ஆயுள் திடீரென்று நீள்கிறது. அப்படிப்பட்ட நெருங்கிய இணைகளைச் சுற்றிக் கோள்கள் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று அவர் அப்போதே சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி, 41 நாளில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களை 229 நாளில் சுற்றிவரும், சனியை ஒத்த நிறையுள்ள கெப்ளர்-16பி கோளைக் கண்டுபிடித்திருந்தது.

இதற்கெல்லாம் உச்சம் எச்டி 98800. நான்கு விண்மீன்கள், இரண்டு இணைகளாக. இரண்டு இணைகளுக்கும் இடையே சுமார் 54 அலகு. அவற்றில் ஒரு இணை 315 நாளுக்கு ஒருமுறை, மிக நீண்ட பாதையில், ஒன்றையொன்று சுற்றுகிறது. அந்த இணையைச் சுற்றி மட்டும் ஒரு சிறு வட்டு. தூசி முழுவதும் நம் வியாழனின் சுற்றுப்பாதைக்குள் அடங்கிவிடும். உள்ளே இணை வெட்டுகிறது, வெளியே மற்ற இணை வெட்டுகிறது. நான் மேலே சொன்ன குட்டைக் கணக்குப்படி இது வெகு சீக்கிரம் வற்றியிருக்க வேண்டும். ஆனால் வயது 1 கோடி ஆண்டு. 2018-இல் அல்வாரோ ரீபாஸ் குழு கொடுத்த விளக்கம் அழகானது: வெளித் துணை வட்டைப் பரவவிடாமல் தடுக்கிறது, உள் இணை விழவிடாமல் தடுக்கிறது. மதகும் அடைபட்டுவிட்டது, கரையும் இறுகிவிட்டது. மிஞ்சியிருக்கும் ஒரே வழி மெதுவாக ஆவியாவதுதான், இவ்வளவு குறுகிய வட்டில் அதுவும் தளர்ந்தே நடக்கும். வயதை நீட்டியது துணைகள் இல்லாமை அல்ல, துணைகள் சரியான இரண்டு இடங்களில் இருந்தது. இதைப் படித்த பிறகு, துணை விண்மீன் வட்டுக்குக் கெடுதல் என்ற ஒற்றை வரியை யார் எழுதினாலும் எனக்கு உறுத்துகிறது.

தனி விண்மீன்களிலும் நீண்ட ஆயுள் உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. எச்டி 98800 இருக்கும் அதே விண்மீன் குழுவைச் சேர்ந்த, நமக்கு 195 ஒளியாண்டு தொலைவில் உள்ள டிடபிள்யூ ஹைட்ரே தனியாகவே இருக்கிறது, அதன் வட்டும் 1 கோடி ஆண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

கடைசியில் கோள்கள். வட்டுகள் சீக்கிரம் போனதன் விளைவு கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் தெரிய வேண்டும். தெரிகிறது. கிராஸ் குழு 2016-இல், கெப்ளர் கண்டுபிடித்த கோள்களின் விண்மீன்கள் 382-ஐக் கூர்மையாகப் படம்பிடித்து அவற்றின் துணைகளைத் தேடியது. 47 அலகுக்குள் துணை இருக்கும் இடங்களில் கோள் மண்டலங்கள், விலகிய இணைகளிலும் தனி விண்மீன்களிலும் காண்பதில் மூன்றில் ஒரு பங்காகவே இருந்தன. பால்வீதியில் சூரியனை ஒத்த விண்மீன்களில் ஐந்தில் ஒன்றுக்கு, துணையின் காரணமாகக் கோள் மண்டலமே வாய்ப்பதில்லை என்று அந்தக் குழு கணக்கிட்டது. வட்டுகளில் 40 அலகு, கோள்களில் 47. வேறு வேறு கருவிகள், வயதில் கோடிக்கணக்கான ஆண்டு வித்தியாசம், இருந்தும் எல்லை கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுகிறது.

அந்த மூன்றில் ஒரு பங்கில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். காமா செஃபை என்ற விண்மீனின் துணை 20 அலகு வாக்கில், நீண்ட பாதையில் சுற்றுகிறது. இருந்தும் அங்கே 2 அலகில் ஒரு பெருங்கோள் உண்டு. ஆக, சுருங்கிய வட்டிலும் வாயு தீருமுன் ஒரு கரு வளர்ந்துவிட்டது. 1,100 கோடி ஆண்டு வயதான கெப்ளர்-444-இல் நீண்ட பாதையில் ஒரு சிவப்புக் குறுமீன் இணை சுற்றுகிறது. அங்கே ஐந்து கோள்கள், ஐந்தும் பூமியைவிடச் சிறியவை, ஐந்துமே பத்து நாளுக்குள் ஒரு சுற்றை முடிப்பவை. பொருள் குறைவாக, நேரம் குறைவாக, ஆனால் நடக்க வேண்டியது விண்மீனுக்கு மிக அருகில் நடந்து முடிந்திருக்கிறது. நமக்கு மிக அருகிலுள்ள ஆல்ஃபா சென்டாரியிலும் இதே கேள்விதான். அதன் இரண்டு முக்கிய விண்மீன்களும் 80 ஆண்டுக்கு ஒருமுறை 11 அலகு வரை நெருங்கி வருகின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி 3 அலகு வாக்கில்தான் வட்டு நிலைத்திருக்க முடியும், நீர் பனியாக உறையும் தூரம் ஏறத்தாழ அந்த விளிம்பிலேயே வந்துவிடுகிறது. பாறைக் கோளுக்கு அது போதும். பெருங்கோளுக்குப் போதுமா என்பது சர்ச்சையாகவே இருக்க, 2025-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆல்ஃபா சென்டாரி ஏ அருகே வாயுப் பெருங்கோளாக இருக்கக்கூடிய ஒரு மங்கலான புள்ளியைக் கண்டது. அது கோள்தான் என்று உறுதியானால், சுருங்கிய வட்டுகளைப் பற்றிய கணக்குகளை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டிவரும்.

எச்டி 98800-இல் அதற்கு முன்பே ஒரு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு இணைகளும் ஒன்றையொன்று சுற்றும் பாதையைத் துல்லியமாக அளந்தவர்கள், வட்டில்லாத இணை நம் பார்வையில் அந்த வட்டுக்குப் பின்னால் கடந்துபோகும் என்று கணித்திருக்கிறார்கள், தொடக்கம் 2026 வாக்கில். பின்னால் போகும் விண்மீன்களின் ஒளி வட்டின் ஒவ்வொரு பகுதியையும் ஊடுருவி வரும்போது எங்கே எவ்வளவு மங்குகிறது என்பதை அளந்தால், 1 கோடி ஆண்டு தாக்குப்பிடித்த அந்த வட்டில் தூசி எப்படிப் பரவியிருக்கிறது, விளிம்புகள் எங்கே முடிகின்றன என்று கோடு போட்டதுபோல் தெரிந்துவிடும்.